எலியேசர் வகுப்பில் கழிந்த வயது

1908ஆம் ஆண்டு, பாளையங்கோட்டை மிஷன் கல்லூரி ஒன்றில் கணித விரிவுரையாளர் எலியேசர் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினால், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மூன்று மாத வயது கூடியது. பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பில் இருபத்தெட்டு பேர். பத்து மணிக்கு மழுமழுவென்ற முகத்தோடு உள்ளே போனவர்கள் பதினொரு மணிக்கு அடர்ந்த தாடியோடு வெளியே வந்தார்கள். நாவிதர் சுடலைமாடன் தன் பெட்டியைத் தெற்கு பஜாரிலிருந்து கல்லூரி வாசல் வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டார். முதல்வராயிருந்த வெள்ளைக்காரப் பாதிரியார், இது ஆற்றுத் தண்ணீரின் குணம் என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி எழுதி முடித்துக்கொண்டார்.

எலியேசருக்கு முப்பத்துநாலு வயது. தண்ணீர் காரணமல்ல என்று அவருக்குத் தெரியும். முதல் பெஞ்சில் ஒருவனுக்கு மட்டும் முகம் அப்படியே இருந்தது. பாடம் புரிந்தது அவனுக்கு மட்டும்தான். புரியாதவர்களின் வயதுதான் போய்க்கொண்டிருந்தது. தெரிந்தும் அவர் தன் வாத்தியார்கள் நடத்தியபடியே மேடையில் நின்று யூக்ளிட்டின் வடிவகணிதப் புத்தகத்தை இங்கிலீஷில் வாசித்தார், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். வேறுவிதமாக நடத்த அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

ஒன்றரை மாதம் கழித்துத் திருப்புடைமருதூரிலிருந்து உலகம்மாள் வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். கடைசி பெஞ்சு நாறும்பூநாதனின் அம்மா. "பத்தொம்பது வயசுப் பிள்ளைய விட்டுட்டுப் போனேன். முப்பதுக்குப் பக்கத்துல நிக்கான். அப்படி என்னதான் சொல்லிக்குடுக்கீய? இப்படியே போனா எனக்கு மின்ன அவன் போயிருவானே" என்றாள்.

மறுநாள் எலியேசர் மேடையைவிட்டு இறங்கினார். கயிறும் முளைக்குச்சிகளும் எடுத்துக்கொண்டு வகுப்பையே குறுக்குத்துறைக்கு நடத்திப் போய், தண்ணீரில் கால் வைக்காமல் ஆற்றின் அகலத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். ஒன்பது பேருக்கு அன்று தாடி வளரவில்லை. இன்னொரு நாள் வாழைத்தண்டை நேராகவும் சாய்வாகவும் நறுக்கி, வட்டத்தையும் நீள்வட்டத்தையும் கையிலேயே கொடுத்தார். நாலு பேர் தப்பினார்கள். பாடத்தைத் தமிழில் சொன்னார். முதல்வர் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார், ஆனால் ஆறு பேர் தப்பினார்கள். புரிந்தவனைப் புரியாதவன் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவிட்டு, தான் ஜன்னலோரம் வாயை மூடிக்கொண்டு நின்றார். அதில் ஏழு பேர். ஒருவனுக்கு எடுபட்டது அடுத்தவனுக்கு எடுபடவில்லை. ஒவ்வொரு தேற்றத்துக்கும் நாலைந்து வழி யோசித்து யோசித்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றவும் அவருக்குத் தெம்பில்லை. "ஒரே சோத்த இருவத்தெட்டு விதமா ஆக்கிப் போடுதீயளே, உடம்பு தாங்குமா?" என்றாள் மனைவி ஹெப்சிபா. தாங்காது என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

மிச்சமிருந்தது நாறும்பூநாதன் ஒருவன். கயிறு, வாழைத்தண்டு, தமிழ், பக்கத்துப் பையன் எதுவும் அவனிடம் செல்லவில்லை. தலை நரைத்தது, கடைவாயில் இரண்டு பல் போயிற்று, கார்த்திகை வாக்கில் பெற்றவளையும் வயதில் தாண்டிவிட்டான். அவன் மனைவி நீலாம்பாளுக்குப் பதினாறு வயது. கூட வாறது மாமனாரா என்று படித்துறையில் கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்வதையே விட்டுவிட்டாள். "ஊருக்குப் போயிரு நாறும்பூ, நிலம் கிடக்குல்லா" என்று எலியேசர் கெஞ்சிப் பார்த்தார். "இத்தன வருசத்தக் குடுத்துட்டு வெறுங்கையோட எப்படி சார் போக?" என்றான் அவன்.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கையில் எலியேசரிடம் வழி எதுவும் மிச்சமில்லை. சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "உனக்கு எங்கனதான் இடிக்குது?" என்று கேட்டார். இதுவரை இதை ஒருநாள்கூட அவனிடம் கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

நாறும்பூநாதன் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து முதல் வரியில் விரலை வைத்தான். "புள்ளிக்கு அகலமே கிடையாதுங்கீய. அகலம் இல்லாதத எப்படி சார் பாக்க? மொத நாள்லேருந்து நான் இங்கனயேதான் நிக்கேன்."

"நானும் பாத்ததில்ல வே" என்றார் எலியேசர். "ஒருத்தரும் பாத்ததில்ல. அப்படி ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கிட்டுத்தான் மேல போறோம்."

"வச்சுக்கிடலாமா?" என்றான் அவன். அப்புறம் பைய, "அத மொதல்லயே சொல்லிருக்கலாமே சார்" என்றான்.

அன்று அவனுக்குத் தாடி வளரவில்லை. மிச்சப் பாடம் முழுவதும் பதினான்கு நாளில் ஏறிவிட்டது. இருபத்தெட்டு பேரும் தேறினார்கள். போன வயது யாருக்கும் திரும்பி வரவில்லை. நாறும்பூநாதனுக்குப் போனது முப்பத்திரண்டு வருஷம். அதைப் பற்றி எலியேசரிடம் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருக்கலாம் என்றே எலியேசர் நினைத்தார். பி.ஏ.யும் முடித்து 1914இல் நாறும்பூநாதன் அதே கல்லூரியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். முதல் நாள் ஆசிரியர் அறைக்குள் அவர் வந்தபோது, நாற்பது வயது எலியேசர் எழுந்து தன் நாற்காலியை நகர்த்திப் போட்டு, "வாங்க அண்ணாச்சி, இங்கன உக்காருங்க" என்றார். இருபத்தைந்து வயது நாறும்பூநாதன், முழங்கால் வலி பொறுக்காமல், உட்கார்ந்துகொண்டார்.