வாசிக்காமல் விட்ட வரி

கரண்ட் போய் வந்ததும் வீட்டில் எல்லாவற்றுக்கும் உயிர் வந்தது, பின்னறை இன்குபேட்டரைத் தவிர. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை. உள்ளே அறுநூறு முட்டைகள், நாளை மறுநாள் பொரிய வேண்டியவை.

போன தடவை வைத்தது முழுக்கக் கெட்டுப்போயிருந்தது. இதுவும் போனால் பழையபடி துணிக் கம்பெனி ராத்திரி ஷிப்டுதான் என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். சின்னவள் அதை மறக்கவே இல்லை.

பெட்டியின் சூட்டைக் கூட்டிக் குறைப்பது சுவரோரத்துப் பழைய கம்ப்யூட்டர். லினக்ஸ் போட்டது, ஒயர் இழுத்தது எல்லாம் மாமாவின் கைவண்ணம். கையால் போட ஒரு சுவிட்ச் வை என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மனுசக் கையை நம்பவே கூடாது என்றுவிட்டார் அவர். இப்போது வெளியூர் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, திரையில் வருவதை அப்படியே வாசிக்கச் சொல்லிப் போனில் கத்தினார்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி வந்து நின்றன. கம்ப்யூட்டர் எதற்கோ ஒன்றரை நிமிடம் காத்திருந்தது. பிறகு அவசர நிலை என்று சொல்லி, பாஸ்வேர்டு கேட்டபடி படுத்துக்கொண்டது. அணைத்துப் போட்டாலும் அதே கதைதான்.

சின்னவள் வாசித்தாள். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு.

அந்த வரியில்தான் கம்ப்யூட்டர் யாருக்காகக் காத்திருக்கிறது என்று இருந்தது: 'பாட்டு' என்ற டிஸ்க்குக்காக. அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான். அந்த கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. போன வாரம் யாருக்கும் தெரியாமல் அதில் தன் பாட்டு டிஸ்க்கைச் செருகியிருந்தாள். மாமா பாஸ்வேர்டு போட்டுத் திறந்தே விட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் இணைக்கச் சோம்பல்பட்டு, கம்ப்யூட்டர் எழும்போதே தானாக இணையும்படி ஒரு ஃபைலில் ஒரு வரி சேர்த்தாள். பிறகு டிஸ்க்கைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாள். எழுதிய வரி அப்படியே இருந்தது. இன்றைக்குக் கரண்ட் போகும்வரை கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லை.

உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க் செத்திருக்கும் என்று மாமா தீர்ப்புச் சொன்னார். எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டுமாம், விடியும்வரை ஆகுமாம். அதுவரை முட்டை தாங்குமா என்று அம்மா கேட்டாள். சூடு போகாமல் போர்த்தி வைக்கச் சொன்னார் மாமா.

அம்மா தெர்மாமீட்டரைப் பார்த்தாள். முப்பத்தேழில் நிற்க வேண்டியது முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கியிருந்தது. இன்னொரு கம்பளி எடுக்க ஓடினாள்.

பெட்டியைப் போர்த்திக்கொண்டிருந்த அக்கா திரும்பினாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அக்கா, அது சாகலக்கா. நான்தான்..." மிச்சத்தை அவள் காதோடு சொன்னாள்.

அக்கா அவளைப் போன் பக்கம் தள்ளினாள். "அடிப்பாவி. அம்மாகிட்ட அப்புறம் செத்துக்கலாம். முதல்ல மாமாகிட்ட சொல்லு."

அம்மா கம்பளியோடு வாசலில் வந்து நிற்பது தெரிந்தும், சின்னவள் போனில் அந்த வரியை வாசித்தாள்.

"பாட்டா? அப்படி ஒரு டிஸ்க்கே அதுல கிடையாதேம்மா," என்றார் மாமா.

"நான் சேர்த்தேன் மாமா."

மாமா திட்டவில்லை. பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொன்னார். இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாவதில் திறந்தது. அந்த ஃபைலில் அவள் வரி கடைசியில் இருந்தது. அதன் தலையில் # என்ற வேலிக்குறி போட்டால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது என்றார் மாமா. போட்டாள், சேமித்தாள், மறுபடி கிளப்பினாள்.

எழுத்துகள் ஓடின. வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. நிற்காமல் தாண்டிப் போயின. போர்வைக்குள் விசிறி உறுமியது.

அம்மா மண்டியிட்டு, போர்வையை விலக்கிக் கண்ணாடியில் காதை வைத்தாள். வெகுநேரம் கழித்து, முட்டை ஓட்டுக்குள்ளிருந்து மெலிதாக ஒரு கீச்சு கேட்டது. பிறகு வேறெங்கோ இன்னொன்று.

"ரெண்டு பேசுது," என்றாள் அம்மா. "மத்தது பொரிஞ்சாத்தான் தெரியும்."

சின்னவள் அழத் தொடங்கினாள். அம்மா அவளைப் பார்க்காமலே கையை நீட்டி, சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அழுறத நாளன்னிக்கு வச்சுக்க. இப்ப சூடு ஏறுதான்னு பாரு. நகரக்கூடாது." பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள். "டேய் தம்பி, வரும்போது ஒரு சுவிட்ச் வாங்கிட்டு வா."