மோத்தி போன வழி

இந்திராவதி அக்கா வருவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது நான் கூடத்தில் ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டிருந்தேன். பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையை வலது காலுக்கு அடியில் வைத்து, இடது காலில் நின்றபடி, முன்னும் பின்னுமாகத் தரையைத் தேய்க்க வேண்டும். ஃபிஜியில், எங்கள் லவுத்தோக்கா டவுனில் மரத்தரை உள்ள வீடுகளில் பெண்கள் சனிக்கிழமைதோறும் ஆடும் ஆட்டம் இது. நான் பதினைந்து நாளாகத் தினமும் ஆடினேன். மூன்று டப்பா மெழுகு காலி. தரையில் என் முகம் தெரிந்தது. முகத்தின் குறுக்கே கீறல்களும் தெரிந்தன.

வீடு எங்களுடையதல்ல, அக்காவுடையது. தரையை அவருடைய அப்பா போட்டார். தமானு என்ற கெட்டி மரத்தைக் காட்டிலிருந்து வரவழைத்து, பலகை பலகையாக இழைத்துச் சேர்த்தாராம். அக்கா ஆசிரியையாக இருந்த பள்ளிக்கூடத்து ஆபீஸில்தான் நான் இன்றைக்கும் டைப் அடிக்கிறேன். எண்பத்தேழில் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை பட்டாளத்தார் ஆட்சியைப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் அக்கா மகனோடு சிட்னிக்குப் புறப்பட்டார். சாவியை என் கையில் கொடுத்து, எனக்கும் என் கணவர் மகேந்திராவுக்கும் இரண்டே வேலை சொன்னார். தரையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், நாய் மோத்திக்கு வேளாவேளைக்குச் சோறு போட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எங்கள் சனத்தில் யார் வீட்டிலும் நாய் வாசற்படி தாண்டாது.

அந்த வருஷம் எங்கள் தெருவில் பாதி வீடு காலியானது. கனடா, நியூசிலாந்து, சிட்னி என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நாய்கள் போகவில்லை. பூட்டிய கேட்டுகளுக்கு முன்னால் தெரு முனையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தன. காலி வீடுகளில் திருட்டு தொடங்கியது, பிறகு ஆள் இருக்கும் வீடுகளிலும் புகுந்தார்கள். கரும்பு அரவை மாதங்களில் மகேந்திராவுக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். ஒருநாள் பயம் தாங்காமல் பின்கதவைத் திறந்து மோத்தியை உள்ளே கூப்பிட்டேன். ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். அது நேராக என் படுக்கையறை வாசலுக்கு வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. அன்று முதல் மூன்று வருஷம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இதை யாரிடமும் ஒளிக்க எனக்கு விருப்பமில்லை, அக்காவைத் தவிர.

முதல் கீறலைப் பார்த்ததும் மெழுகு போட்டுத் தேய்த்தேன். மறுநாள் கீறல் கூடியிருந்தது, இன்னும் கொஞ்சம் மெழுகு போட்டேன். மோத்தி நடக்கும்போது கால் நாலு பக்கம் போகும், விழும், எழுந்திருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், உனக்கு நடக்கத் தெரியாமல் என் தரை பாழாகிறது என்று திட்டுவேன். நான் தேய்ப்பதும் நாய் எழுதுவதுமாக வீட்டில் பள்ளிக்கூடம் நடப்பதாக மகேந்திரா கேலி செய்வார்.

பிறகு சிட்னியிலிருந்து கடிதம் வந்தது. டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர் வீட்டை விலைக்குக் கேட்கிறாராம். அக்கா நேரில் வந்து பார்த்து, விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வாராம். ரக்கிரக்கி கிராமத்தில் நான் பிறந்த வீட்டில் சாணி மெழுகிய தரை. அந்த வீடு நின்ற குத்தகை நிலமும் இப்போது எங்கள் கையில் இல்லை. டவுனில் தேடினால் வாடகைக்கு ஒரு அறை கிடைக்கும். ஆனால் எங்களை மோத்தியோடு சேர்த்து யார் வைத்துக்கொள்வார்கள்? தெருவில் கேட்டுக்கு முன்னால் கிடக்கும் நாய்களோடு இதுவும் ஒன்றாகிவிடும். தரை பாழானது தெரிந்தால் அக்கா விற்றே விடுவார், அதனால்தான் அந்தப் பதினைந்து நாள் ஆட்டம். அன்று காலை மோத்தியை மாமரத்தில் கட்டிப்போட்டேன்.

அக்கா டாக்ஸியை அரை மணி நேரம் நிற்கச் சொல்லிவிட்டு இறங்கினார். இங்கிருந்து நேராகக் கடைக்காரரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தவர், இரண்டாவது அடியில் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். தரை பளபளவென்று இருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் கீழே பார்ப்பதற்குள் சமையலறைப் பக்கம் கூட்டிப்போக முயன்றேன்.

அதற்குள் மாமரத்தடியில் ஊளை கேட்டது. மோத்தி அவர் குரலைக் கண்டுபிடித்துவிட்டது. அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, பின்கதவு வழியாகப் பாய்ந்து வந்தது. மெழுகில் கால் பட்டதும் நாலு காலும் விரிய, நகத்தை ஊன்றிச் சறுக்கிக்கொண்டே போய் அக்காவின் காலடியில் மோதி நின்றது. பதினைந்து நாள் பளபளப்பின் மேல் புதிதாக நாலு நீளக் கோடுகள். மோத்தி அவர் காலை மோந்து இரண்டு தடவை வாலாட்டியது. பிறகு விழுந்து எழுந்து என் படுக்கையறை வாசலுக்குப் போய்க் குறுக்கே படுத்துக்கொண்டது.

இன்றைக்குத்தான் இப்படி உள்ளே வந்துவிட்டது என்று நான் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். அக்கா குந்தி உட்கார்ந்து கீறல்களை விரலால் தடவினார். புதுக் கோடுகளுக்கு அடியில் பழையவை இருந்தன, அவற்றில் மெழுகு அடைத்திருந்தது. அவை பின்கதவிலிருந்து மோத்தி படுத்திருந்த வாசல் வரைக்கும் போயின. வேறு எந்தப் பக்கமும் பழைய கீறல் இல்லை.

"தெனமும் இங்கதான் படுக்குதா?"

"அவரு மில்லுக்குப் போயிட்டா எனக்கு பயமாகீதுக்கா. இது இருந்தாத்தான் தூக்கம் வருது."

அக்கா சிரித்தார். சிட்னியில் பேரனின் நாய் கட்டில் மேலேயே படுக்கிறதாம். அங்கேயும் மரத்தரைதானாம், ஆனால் யாரும் மெழுகு போடுவதில்லையாம், நடக்கிற வழியெல்லாம் விரிப்பு போட்டிருக்கிறார்களாம்.

"நீ தேய்க்கத் தேய்க்க அது வழுக்குது. வழுக்க வழுக்க நகத்த ஊனுது. தரையக் கீறுனது மோத்தி இல்ல, ப்ரேமிலா. நீதான்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. வெட்கத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்று வருஷமாக அந்த வாயில்லா ஜீவனைத் திட்டியதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா இன்னும் மோத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இருந்தப்ப இத மழையில கூட உள்ளார வுட்டதில்ல" என்றார்.

பிறகு அலமாரி மேலிருந்த பாயை எடுக்கச் சொன்னார். அவர் கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டு ஃபிஜிக்காரி பின்னிக் கொடுத்த தாழை ஓலைப் பாய், ஓரமெல்லாம் வண்ணக் கம்பளி நூல் குஞ்சம். அழுக்காகிவிடும் என்று அவர் விரித்ததே இல்லை. அவர் பொருளாயிற்றே என்று நானும் விரிக்கவில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பின்கதவிலிருந்து படுக்கையறை வாசல் வரைக்கும், கீறல் போன வழியிலேயே விரித்தோம். நீளம் சரியாக இருந்தது. குஞ்சத்தை நேராக்கிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு அக்கா எழுந்தார்.

வெளியே ஹாரன் கேட்டது. வாசல் வரை போனேன். வீட்டை அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கடைக்குத்தானே என்று டிரைவர் ஹிந்தியில் கேட்டார். அக்கா மாமரத்தடியில் கிடந்த மிச்சக் கயிற்றைப் பார்த்தார். சவேனிக் கடற்கரைக்கு விடச் சொன்னார், கடலைப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டதாம். கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் தலையை நீட்டினார்.

"கடைக்காரரு வந்து கேட்டா, அக்கா இன்னும் வூட்ட பாத்து முடிக்கலன்னு சொல்லு."

டாக்ஸி டவுன் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் போனதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். தேங்காய் மட்டையை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டேன். மோத்தி எழுந்து நின்று, பாயின் மேல் ஒரு காலை வைத்துப் பார்த்தது. எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. பிறகு நாலு காலையும் வைத்து மெல்ல நடந்தது, வழுக்கவில்லை. பின்கதவு வரைக்கும் போய் அங்கே நின்று, தன் நகச் சத்தம் எங்கே போயிற்று என்று தேடுவது போலத் திரும்பிப் பார்த்தது.