மத்தி சுத்தம் செய்வது யார்

ஏலிக்குட்டிக்கு விரல் மூட்டுகள் வீங்கி இரண்டு வருடமாயிற்று. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்காது. கோட்டயத்து டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "சாப்பாட்டையும் கவனிங்க. மத்தி மீன், கீரை, மஞ்சள் எல்லாம் வீக்கத்துக்குக் கொஞ்சம் உதவலாம். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

கூடவே போயிருந்த குரியச்சன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியின் சாப்பாட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து வீட்டில் மாட்டிறைச்சி இல்லை, பரோட்டா இல்லை, தேநீரில் சர்க்கரை இல்லை. தினமும் காலையில் மத்தியும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் வாங்கி வந்து அடுக்களையில் வைத்துவிட்டு, செல்போனோடு போய் உட்கார்ந்துவிடுவார். செதில் சுரண்டுவது, கீரை உருவுவது, தேங்காய் துருவுவது எல்லாம் ஏலிக்குட்டி. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் செய்தாள்.

அன்று அவர் ஓட்டோடு ஒரு கிலோ வால்நட் கொண்டு வந்தார். அயர்லாந்திலிருக்கும் அவர் தங்கை லிசம்மா போனில் சொன்னாளாம்.

"தினம் நாலு சாப்பிடணும்."

"உடைக்கிறது யாரு?"

குரியச்சனுக்குக் கேள்வியே புரியவில்லை. "நீதான். சாப்பிடறவ நீதானே."

ஏலிக்குட்டி அம்மிக் குழவியால் ஒன்றைத் தட்டினாள். வலி தோள் வரை ஏறியது. வால்நட் உருண்டு அடுப்புக்கடியில் போயிற்று. குழவியைக் கீழே வைத்தாள்.

"கைக்கு வைத்தியம்னு சொல்லி என் கையையே ஒடிக்கிறீங்க. டாக்டர் என்னைச் சாப்பிடத்தான் சொன்னாரு. சமைக்கச் சொல்லல."

"நான் என்ன கெட்டதுக்கா சொல்றேன்?"

"நல்லதுக்குத்தான். அதனாலதான் இத்தனை நாளா வாயத் திறக்க முடியல."

அவள் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகு நேரம் கழித்து அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"மத்தியை எந்தப் பக்கத்துலேர்ந்து சுரண்டறது?"

"வால்லேர்ந்து."

குழம்பு வரும்போது மணி இரண்டரை. செதில் பல்லில் ஒட்டியது. குடம்புளி கூடிப்போய் பல் கூசியது. விரல்கள் வலித்துக்கொண்டேதான் இருந்தன. அவள் சாப்பிட்டாள்.

"எப்படி இருக்கு?"

"உப்பு போடல."

அவர் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். அடுக்களை மேடையெங்கும் செதிலும் குடலும் கிடந்து ஈ மொய்த்தது. போய் ஒரு துடை துடைக்க அவள் மனம் பரபரத்தது. ஏலிக்குட்டி எழுந்திருக்கவில்லை.