பேர் வெட்டிய கிட்டார்

அழகேசனின் கிட்டாரை வாசிக்க விரலில் பலம் வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் என்னோடு சேர்ந்து கல் உடைக்கிறவன் என்பதால் அவனுக்கு அது இருந்தது. கிட்டாரின் கழுத்து வளைந்து, கம்பிகள் கட்டையை விட்டு எழும்பி நின்றன. அழுத்தினால் விரல் நுனி கிழியும். வாசிக்கும்போது மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். அரியலூர் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா போன கார்டு ஒருத்தர், சாமான் கட்டிக் கொடுத்ததற்காக அவனுக்கு விட்டுப்போனது. ரொம்பப் பழசு, பிரிக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். இவனும் பிரிக்கவில்லை.

சனி, ஞாயிறுகளில் வைரக்கண்ணுவின் மெல்லிசைக் குழுவில் அழகேசன் வாசிப்பான். நான் பெட்டி தூக்குவேன். அந்த மாசி மாதம் வைரக்கண்ணு கறாராகச் சொல்லிவிட்டார்.

"பங்குனி உத்திரத்துக்கு செட்டிகுளத்துல கச்சேரி. மேல் சுரத்துக்குப் போனா உன் கிட்டாரு பூனை மாதிரி கத்துது. நல்லதா ஒண்ணு கொண்டா. இல்லன்னா திருச்சியிலேருந்து ஆளு வரான். நீ கீழ உக்காந்து கடலை தின்னுக்கிட்டு கேளு."

பதினோரு வருஷமாக அழகேசன் அந்த மேடையில் இருக்கிறான். சுரங்கத்தில் மேஸ்திரி அவனைக் கூப்பிடுவது 'ஏய்' என்று. மேடையில் மட்டும்தான் அவனுக்குப் பெயர் உண்டு.

இந்த நேரத்தில்தான் குரும்பலூர்க் கல்யாணக் கச்சேரியில் ஒரு மெட்ராஸ்காரர் கிட்டாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய கிட்டார்களைத் தேடிச் சேர்க்கிறவராம்.

"ஐம்பத்தி நாலுல செஞ்சது. கரண்டுல பாடுற இந்த மாதிரி கிட்டாரே அப்பதான் வர ஆரம்பிச்சுது. நானே இப்பதான் கண்ணால பாக்குறேன்."

"வாசிக்க முடியலீங்க சார்."

"வாசிக்க யாருங்க வாங்குறா?" என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறாராம். பதிலுக்குப் புது கிட்டார் ஒன்று தருவதாகச் சொன்னார். பங்குனி பிறந்ததும் கொண்டுவருவார். "பெயிண்ட் அடிச்சிடாதீங்க. கீறலெல்லாம் அப்படியே இருக்கணும். முடிஞ்சா வாசிக்கவும் வேணாம்."

கிட்டார் பரணில் ஏறியது. தெருவே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது. அழகேசனின் மனைவி மலர்கொடிக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

"அண்ணே, ஊருக்கே தெரிஞ்சு போச்சு. எங்க வூட்டுக் கதவு ஆடு முட்டினா தொறந்துக்கும். எவனாவது தூக்கிட்டுப் போனா ஸ்டேசன்ல அடையாளம் என்னன்னு கேப்பான். நான் என்னத்தச் சொல்றது? ஒரு பேரு வெட்டிக் கொண்டாங்க."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எங்கள் தெருவில் பெயர் வெட்டாத குடமோ டம்ளரோ கிடையாது. கல்யாண வீட்டில் ஐம்பது குண்டான் ஒன்றாகக் கலந்தாலும் அவரவர் பொருள் அவரவர் வீடு வந்து சேரும். மெட்ராஸ்காரரும் பெயிண்டைத்தான் கூடாது என்றார், பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அழகேசன் வேலைக்குப் போயிருந்தான். கிட்டாரைச் சாக்கில் சுற்றிக் கடைத்தெருவுக்குத் தூக்கிப் போனேன். பாத்திரக்கடை வாசலில் கொளஞ்சி பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்.

"காதுகுத்தா, கல்யாணமா? தேதி போடணுமா?"

"பேரும் ஊரும் போதும்."

மரத்தில் புள்ளி நிற்காது என்றார். பின்பக்கம் கழுத்தைப் பிடித்திருந்த தகடுதான் தோதாக இருந்தது. ஆனால் அதில் ஏற்கெனவே நாலு எண்கள் குத்தியிருந்தன.

"இது யாரு நம்பரு?"

"தெரியல."

"அடுத்தவன் நம்பரு கெடந்தா நாளைக்கு அவன் வந்து என்னுதும்பான். ராவிடட்டா?"

"ராவிடுங்க."

அரத்தால் ராவி, சுத்தியலால் தட்டித் தட்டி, 'அழகேசன், அரியலூர்' என்று புள்ளி வைத்து வெட்டினார். நாற்பது வயதுக்கு மேல் இரவுப் பள்ளியில் படித்தவன் நான். எழுத்துக் கூட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு பிழை இல்லை.

பங்குனி இரண்டாம் தேதி மெட்ராஸ்காரர் காரில் வந்தார். கிட்டாரைத் திருப்பினார். தகட்டின் மேல் விரலை வைத்தார்.

"இங்க ஒரு நம்பர் இருந்துச்சே."

"ராவிட்டோம் சார்," என்றாள் மலர்கொடி. "இனிமே யாரும் சொந்தம் கொண்டாட முடியாது."

"ஆமாம்மா. இனிமே யாரும் கொண்டாட மாட்டாங்க."

அது எந்த வருஷத்துக் கிட்டார் என்பதற்கு அந்த எண்தான் சாட்சியாம். மற்றபடி பழைய பலகைதானாம். புது கிட்டார் டிக்கியை விட்டு இறங்கவே இல்லை. பெட்டியின் மூலையை மட்டும் பார்த்தோம். கார் போய்விட்டது.

"என்னைய நாலு வார்த்தை கேட்டுடு மாப்ளே," என்றேன்.

அழகேசன் கிட்டாரை மடியில் போட்டுத் தகட்டைத் தடவினான்.

"மச்சான், இனிமே இதப் பிரிக்கலாம்ல?"

"தாராளமா."

நாலு திருகாணியையும் கழற்றினான். கழுத்து தனியாகக் கையோடு வந்தது. மலர்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கழுத்தின் அடிக்கட்டைக்குள், வெளியே தெரியாமல், இன்னொரு திருகாணித் தலை இருந்தது. அழகேசன் அதைக் கால் சுற்றுத் திருகிவிட்டு, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தான். இன்னொரு கால் சுற்று. வளைவு நிமிர்ந்தது. அவ்வளவு வருஷமும் விரல் கிழிந்தது அந்த அரைச் சுற்றுக்காகத்தான்.

மறுநாள் ஒத்திகை. கம்பி கட்டையோடு படிந்து நின்றது. மேலே போனான், பூனை கத்தவில்லை. வைரக்கண்ணு கண்ணை மூடிக் கேட்டார்.

"பழசே நல்லாத்தான்யா இருக்கு. இதையா அந்த மெட்ராஸ்காரன் வேணாம்னுட்டுப் போனான்? விவரம் இல்லாத ஆளா இருப்பான் போல. சரி, திருச்சிக்காரனுக்கு வர வேணாம்னு லெட்டர் போட்டுடறேன்."

அழகேசன் வாசிப்பை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினான்.