பளிங்குக் கல்லில் பாதி

பரீட்சை மேற்பார்வை முடிந்து வீடு திரும்பிய ஷுரூக், அறைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்டது ரோமத்தைத்தான். கூண்டுத் தட்டு முழுக்கச் சாம்பல் நிறத்தில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. ஸபீப் மூலையில் ஒடுங்கியிருந்தது. அதன் இடது காதில் ஒரு துண்டைக் காணோம். ஃபஹம் பளிங்குக் கல்லின் மேல் நீட்டிப் படுத்து, ஒன்றுமே நடக்காததுபோல் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

முயல் காதும் அணில் வாலும் கொண்ட சின்சில்லாக்கள் அவை. குளிர்மலைப் பிராணிகள். பஸ்ராவுக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஷுரூக்கின் தம்பி மைதம், பெண்டாட்டி விட்டுப்போன மறுவாரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து இரண்டையும் ஒரு தக்காளிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். "ஒரே வயித்துப் பிள்ளைங்கன்னு விக்கிறவன் சத்தியம் பண்ணான்" என்றான். இரண்டு வருடம் அவை ஒன்றின் மேல் ஒன்று விழுந்துதான் தூங்கின.

ஜெனரேட்டர்காரன் கொடுக்கும் மின்சாரத்தில் ஓர் ஏசிதான் ஓடும். அதனால் கோடை முழுக்க அக்கா, தம்பி, கூண்டு எல்லாம் அந்த ஓர் அறைக்குள். நடுவில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். இருவருக்கும் பேசிக்கொள்ள அதிகம் இல்லை. பேசினால் ஸபீப் என்ன தின்றது, ஃபஹம் எதைக் கடித்தது என்றுதான் பேசுவார்கள். அதையும் எடுத்துவிட்டால் அந்த வீட்டில் ஏசிச் சத்தம் மட்டுமே மிஞ்சும். ஷுரூக்குக்கு அது தெரியும்.

கால்நடை மருத்துவர் அன்மார் ஸபீபைப் புரட்டிப் பார்த்தார்.

"கூண்டுல எத்தனை கல்லு வச்சிருக்கீங்க?"

"ஒண்ணு. வெயிலுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டுமேன்னு."

"உயிர் ரெண்டு, குளிர்ச்சி ஒண்ணு. நீங்களா இருந்தா அடிச்சுக்க மாட்டீங்களா?" என்றார். "தனித்தனியா வைங்க. ஆனா பக்கத்துல பக்கத்துல வைங்க. இதுங்களுக்குக் கண்ணு சும்மா பேருக்குத்தான், மூக்குதான் எல்லாம். இதுங்க புரண்டு குளிக்கிற மண் தட்டைத் தினமும் ஒண்ணோடத இன்னொண்ணுக்கு மாத்தி மாத்தி வைங்க. ரெண்டுக்கும் ஒரே வாசனை ஆனப்புறம்தான் சேர்க்கணும். அவசரப்பட்டா கழுத்தைக் கடிச்சிடும்."

மைதம் கல்லை ஆசாரியிடம் கொண்டுபோய் இரண்டாக அறுத்து வந்தான். இரண்டாவது கூண்டும் வந்தது.

தனியானதும் ஸபீப் தின்பதை நிறுத்தியது. தன் விலா ரோமத்தைத் தானே கடித்துக் கடித்து, ஒரு பக்கம் தோல் தெரியும்படி ஆக்கிக்கொண்டது. ஷுரூக் குதிரைமசால் புல் தூளைத் தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாயில் ஊட்டினாள். பாதி அவள் மடியில்தான் வழிந்தது.

"இப்படியே போனா ஒரு வாரம்கூடத் தாங்காதுக்கா" என்றான் மைதம், திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

"தெரியுது. வாயை மூடிட்டு மண்ணை மாத்து."

மாற்றினார்கள். காலையில் இவன் தட்டு அவனுக்கு, மாலையில் அவன் தட்டு இவனுக்கு. ஃபஹம் முதலில் பல்லை நறநறவென்று கடித்தது. பிறகு முகர்ந்தது. பிறகு அந்த மண்ணிலேயே புரண்டது. பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, இரண்டும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முதுகோடு முதுகு ஒட்டித் தூங்கின. ஸபீப் தானாகவே ஒரு கைப்பிடி புல்லைத் தின்றிருந்தது.

"இன்னைக்குச் சேர்த்துடலாம். தொழுகை முடிஞ்சு வரேன்" என்று மைதம் கிளம்பினான். அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

அவன் போன கொஞ்ச நேரத்தில், பக்கத்து வீட்டு உம்மு ஜினான் வாங்கிப்போன சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். ஏசிக் குளிருக்காக அறைக்குள்ளேயே வந்து நின்றாள்.

"அடேயப்பா! என்ன ஒத்துமை, என்ன ஒத்துமை! என் மருமகளுங்க ரெண்டு பேரையும் இங்க கொண்டாந்து காட்டணும்டி. எப்படித் தூங்குதுங்க பாரு, ராஜா வீட்டுக் கன்னுக்குட்டிங்க மாதிரி!"

கண்ணேறு படாமலிருக்கச் சொல்லும் மாஷா அல்லாஹ் என்ற ஒரு வார்த்தையை அவள் சொல்லவில்லை. ஷுரூக் காத்திருந்தாள். உம்மு ஜினான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். போன வருடம் இதே வாய்தான் இந்த வீட்டு எலுமிச்சை மரத்தைப் புகழ்ந்தது. மரம் பட்டுப்போனது. அன்று ஷுரூக் கண்ணேறு கழிய மரத்தைச் சுற்றி ஹர்மல் விதையைப் புகைத்ததைப் பார்த்துவிட்டு, "எங்க கெமிஸ்ட்ரி டீச்சர் புது ஃபார்முலா கண்டுபிடிச்சிருக்கா" என்று மைதம் தெருவெல்லாம் சொன்னான். அது பள்ளிக்கூடம்வரை போய், மாணவிகள் அவளுக்கு ஹர்மல் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள்.

இதெல்லாம் மூடத்தனம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. தெரிந்துதான் கரியைப் பற்றவைத்தாள். விதைகள் படபடவென்று வெடித்தன. உடம்பு தேறாதது ஸபீப்தானே என்று அதை மட்டும் மடியில் வைத்து, புகையை ஏழு முறை சுற்றினாள். அடர்ந்த அந்த ரோமம் புகையை உறிஞ்சிக்கொண்டது. கரியை வெளியே கொட்டிவிட்டுக் கையைக் கழுவினாள்.

மைதம் வந்ததும் காற்றை முகர்ந்தான்.

"ஹர்மல் வாசனை அடிக்குதே?"

"உம்மு ஜினான் வீட்டுலேர்ந்து வருது."

"அந்தக் கிழவிக்கு வேற வேலை இல்ல" என்று சிரித்தான். "எடு, விடலாம்."

தரையில் போர்வையை விரித்து இரண்டையும் விட்டார்கள். ஃபஹம் ஓடி வந்தது. ஸபீப் நகரவில்லை. வருவது யார் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஃபஹம் அதன் கழுத்தில் மூக்கை வைத்தது. பின்வாங்கியது. மறுபடி வைத்தது. பின்னங்காலில் எழுந்து நின்றது. ஷுரூக்குக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. "எடுடா" என்று அவள் வாய் திறப்பதற்குள் பாய்ந்துவிட்டது.

மைதம் துண்டை வீசினான். வெறுங்கையை நடுவில் விட்டான், விரலில் கடி வாங்கினான். பிரித்து எடுத்தபோது ஸபீப் அவன் உள்ளங்கையில் இரண்டு தடவை உதைத்தது. அவ்வளவுதான்.

வெகுநேரம் அவன் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். விரலில் ரத்தம் உறைந்துவிட்டது.

"நான்தான்" என்றான். "டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, அவசரப்படாதேன்னு. இன்னும் ஒரு வாரம் விட்டிருக்கணும். நான்தான்க்கா கொன்னேன்."

ஷுரூக் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் அவன் சுமை இறங்கிவிடும். ஆனால் ஹர்மல் என்று தொடங்க வேண்டும், பிறகு உம்மு ஜினான் வீட்டுப் புகை என்றது பொய் என்று சொல்ல வேண்டும். சிரிஞ்சைக் கழுவப் போகிறவளைப்போல எழுந்து போனாள். குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வெயிலில் காய்ந்த தண்ணீர் கொதித்தது. விரலிடுக்கில் இன்னும் புகை நாற்றம் இருந்தது.

மைதம் ஸபீபை எலுமிச்சை மரம் இருந்த குழியில் புதைத்தான். திரும்பி வந்து தன் படுக்கையைச் சுருட்டினான்.

"எங்கடா போற?"

"கூடத்துல படுத்துக்கறேன்."

"அங்க வெந்துடுவடா. இது தம்மூஸ் மாசம். இன்னும் ஆப் வேற வரணும்." ஜூலையான தம்மூஸுக்கு அடுத்து வரும் ஆப் மாதத்து வெயில் கதவில் அடித்த ஆணியையே எரிக்கும் என்பார்கள் பஸ்ராவில்.

"ஃபஹமைப் பார்த்துக்கிட்டு ஒரே ரூமுல என்னால படுக்க முடியாதுக்கா. அதுமேல தப்பில்ல. அது என்னைப் பார்க்குது, அவ்வளவுதான்."

போகும்போது குளிர் வெளியேறாமல் இருக்க, கதவைச் சரியாகச் சாத்திவிட்டுப் போனான்.

கூடத்தில் அவன் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஷுரூக் திரையை அவிழ்த்து மடித்து வைத்தாள். ஃபஹம் தன் பாதிக் கல்லில் நீட்டிப் படுத்து மீசையைத் துடைத்துக்கொண்டது. குளிர்ந்த அறை முழுக்க இப்போது அவர்கள் இருவருக்குமே.