கிழக்கு அரசனின் காவலாள்

ஜெர்மன்காரரின் பழைய வீரகதை ஒன்றைத் தொலைக்காட்சிப் படமாக்க, 2006இல், நாங்கள் அகதியாய் வந்து குடியிருந்த லாசாலில் மூடிக் கிடந்த தொழிற்சாலைக்குள் ஓர் அரண்மனை கட்டினார்கள். கிழக்கு அரசனின் ஆட்களுக்குக் கறுத்த முகங்கள் வேண்டுமாம். வெள்ளைக்காரனின் கதையில் எங்களுக்கு அவ்வளவுதான் இடம். அருமைராசா அண்ணைதான் எங்கள் கோவில் பங்குச் சனத்தைக் கூட்டிக்கொண்டு போனார். நான் அழுகிற பெண்களில் ஒருத்தி.

அழுகை எனக்குப் பழகிய வேலை. தொண்ணூறில் மன்னாரில் ஆமி எங்கள் ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களைக் கோவில் வளவில் வரிசையாக நிறுத்தியது. ஆமிக்கு ஆள் காட்டிக்கொடுக்க வந்த, சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒருவன் என் புருஷன் யோசெப்பைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவரை ட்றக்கில் ஏற்றும்வரை நாடி நெஞ்சில் முட்டக் குனிந்தபடியே நின்றான். யோசெப் திரும்பி வரவில்லை. அந்த நாசமாய்ப் போனவன் யார் என்று அறியாமல் சாகமாட்டேன் என்று மாதாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அருமைராசா அண்ணை யோசெப்பின் கூட்டாளி, என் மகள் எலிசாவின் ஞானத்தகப்பன். வருகிற சனிக்கிழமை அவளுடைய கலியாணத்தில் தகப்பனின் இடத்தில் நிற்க இருந்தவரும் அவர்தான்.

அன்று எடுத்த காட்சியில், தன் முந்தின புருஷனைக் கொன்றவன் யார் என்று ராணி கேட்பாள். இரும்புத்தொப்பியால் முகம் மூடிய காவலாள் விருந்தாளிகளுக்குள் அவனைக் காட்ட வேண்டும். அந்த வேடம் அண்ணைக்கு. கையை நீட்டிக் காட்டு என்றுதான் இயக்குநர் சொன்னார்.

அண்ணை கையை நீட்டவில்லை. தலையை ஆட்டினார். எங்கள் சனம் விறைத்துப்போனது. இயக்குநருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. கமராவை நிற்பாட்டிக் கைதட்டினார். அதற்குப் பிறகும் அண்ணையின் நாடி நெஞ்சை விட்டு எழும்பவில்லை.

போய் அந்தத் தொப்பியை நானே கழற்றினேன்.

"யோசெப்பையும் இப்பிடித்தானே காட்டினனீங்கள்?"

இல்லை என்று சொல்லட்டும் கர்த்தரே என்று மனம் கெஞ்சியது. அண்ணை ஆமியின் அடி தாங்கமுடியாமல் சாக்கைப் போட்டதாகச் சொன்னார். ஒருவரையும் காட்டாமல் வரிசை முடிய நடந்துவிடத்தான் நினைத்தாராம்.

"அப்ப அவரை ஏன் காட்டினனீங்கள்?"

"சாக்கின்ர ஓட்டைக்குள்ளால என்ர கண்ணை வைச்சு ஆளை மட்டுக்கட்டிட்டான், றெஜினா. பயப்பிடாதை எண்டுற மாதிரி என்னைப் பாத்துச் சிரிச்சான். நான்தான் தலையாட்டியெண்டு தெரிஞ்ச ஒருத்தன் ஊருக்குள்ள உயிரோட இருக்கக்கூடாதெண்டு ஆட்டிப்போட்டன்."

எலிசாவுக்கும் அதே சிரிப்புத்தான். இத்தனை வருஷமாய் அதைப் பார்த்துக்கொண்டே என் வீட்டில் சோறு தின்றிருக்கிறான்.