மோசமான அறை ஒன்று வேண்டும்

இரவு வேலை முடிந்து வந்த நான் காலுறையைக்கூடக் கழற்றவில்லை, அம்மா மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பாரிஸில் மூன்று நாள் தங்க மலிவாக ஓர் இடம் பார்க்க வேண்டுமாம்.

தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் இதுவரை வேறு நகரத்தில் காசு கொடுத்துத் தங்கியதில்லை. டொரொன்டோ என்றால் சித்தி வீடு. சூரிச் என்றால் பெரியப்பா வீடு. பாரிஸ் என்றால் அம்மாவின் அண்ணன், ஆனந்தராஜா மாமா வீடு. சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்குவது எங்கள் ஆட்களிடம் அவருடைய கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

ஆனால் மாமா வீட்டுக்குப் போக முடியாது. நான்கு வருடத்துக்கு முன் அவர் மகள் ஜதுர்ஷிகா தானாக ஒருவனைத் தேடிக் கட்டினாள். மாப்பிள்ளை யாருடைய ஆட்கள் என்று அப்பா விசாரித்தார். விசாரித்துவிட்டு, கலியாணத்துக்கு ஒருவரும் போகக் கூடாது என்றார். அம்மா போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. போன வருடம் அப்பா செத்தபோது மாமா ஃபோனில் இரண்டு வார்த்தை சொன்னார். வரவில்லை.

"இது நல்லாயிருக்கு. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலை," என்றேன்.

"வேண்டாம். வடிவாயிருக்கு."

"வடிவாயிருந்தால் என்னம்மா?"

"யூனிப் படிப்பைத்தான் பாதியிலை விட்டனி. இதையாவது சொன்னபடி செய். இன்னும் கூடாததாய்ப் பார்."

ஒன்று கிடைத்தது. ஆறாம் மாடி, லிப்ட் கிடையாது. கழிப்பறை வெளியே, மற்ற அறைக்காரருக்கும் பொது. முன்பு தங்கிய ஒருவர் மூட்டைப்பூச்சியைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. எங்கள் வீட்டு மாடிப்படியையே இருந்து இருந்துதான் ஏறுவார்.

"இதுதான்," என்றார். முகத்தில் சந்தோஷம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அறை தங்குவதற்கு இல்லை, மாமாவிடம் சொல்வதற்கு. கேட்டதும் அவர் ஏச வேண்டும். இங்கே வீடு இருக்கும்போது உனக்கென்ன விசரோ என்று கத்த வேண்டும். மன்னிப்புக் கேட்க அம்மாவுக்கு வராது. வீட்டுக்குக் கூப்பிடு என்று கேட்கவும் வராது. ஏச்சு வாங்க மட்டும் வரும்.

ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார்.

"அண்ணை, நகுலா கதைக்கிறன். அடுத்த மாசம் நானும் விதுசனும் பாரிஸுக்கு வாறம்."

"ஓ. நல்லது."

"ஹோட்டல் ஒண்டு பாத்திருக்கிறம். ஆறாம் மாடி அண்ணை. லிப்டும் இல்லையாம்."

"இஞ்சை பழைய கட்டடங்கள் அப்பிடித்தான்."

"கக்கூசும் வெளியிலை."

"ம்."

"மூட்டைப்பூச்சி இருக்கெண்டும் ஆரோ எழுதியிருக்கினம்."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்போது வரும் என்ற சிரிப்பு.

மாமா இருமினார். அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. ஜதுர்ஷிகாவின் பிள்ளையாக இருக்கும். பிறந்ததே எங்களுக்குத் தெரியாது. அம்மா சிரிப்பை விட்டுவிட்டு ஃபோனைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"படுக்க முதல் மெத்தையைத் தூக்கிப் பார் பிள்ளை," என்றார் மாமா. "நேரம் கிடைச்சால் லா சப்பல் தமிழ்க் கடையள் பக்கம் வாங்கோ. கடையிலை ஒரு தேத்தண்ணி குடிப்பம்."

"ஓம் அண்ணை. குடிப்பம்."

ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"கட்டாயம் போகவேணுமோம்மா?"

"சொல்லிப்போட்டன். போகத்தானே வேணும்."

"அப்ப லிப்ட் இருக்கிற இடமாய்ப் பாப்பம்."

"அண்ணைக்குப் பொய் சொன்னதாய்ப் போயிடும். அதையே போடு."

பெயர்களைத் தட்டினேன். கடைசியில், வேலைக்காகப் போகிறீர்களா, விடுமுறைக்கா என்று இணையதளம் கேட்டது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

சொன்னேன்.

"ரண்டும் இல்லை."

மூன்றாவதாக ஒன்று அங்கே இருக்கவில்லை. விடுமுறை என்று அழுத்தினேன்.